பெயிண்ட் திறக்க மறுத்தால்

விண்டோஸ் கணினியில் பெயிண்ட் செயலியைச் சொடுக்கியும் அது திறக்கவில்லையெனில், அதன் பழைய இயக்கம் ஒன்று பின்னணியில் முடங்கிக் கிடக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே பெயிண்ட் தென்பட்டால் அதைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிட்டு, மீண்டும் திறந்து பாருங்கள். குறிப்பிட்ட ஒரு படத்தைத் திறக்கும்போது மட்டும் சிக்கல் வருமானால், பழுது பெரும்பாலும் அந்தக் கோப்பில்தான் இருக்கும்.

விண்டோஸ் 11-இல் பெயிண்ட், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியே புதுப்பிக்கப்படும் செயலியாக இருப்பதால், அதைச் சீர்செய்யும் வசதி செட்டிங்ஸிலேயே உள்ளது. ஆப்ஸ் பகுதியில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலுக்குச் சென்று, பெயிண்ட் பெயருக்கு எதிரேயுள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்தால், ரிப்பேர், ரீசெட் என்னும் இரு பொத்தான்களைக் காணலாம். ரிப்பேர் உங்கள் அமைப்புகள் எதையும் அழிக்காது என்பதால் அதையே முதலில் முயலுங்கள். ரீசெட் செயலியின் விருப்ப அமைப்புகளை நீக்கிவிடும். ஆயினும் நீங்கள் பிக்சர்ஸ் போன்ற கோப்புறைகளில் சேமித்து வைத்த படங்களுக்கு அதனால் எந்தச் சேதமும் நேராது. குழந்தைகள் வரைந்து சேமித்த ஓவியங்கள் போய்விடுமோ என்று தயங்க வேண்டியதில்லை.

இவை பலிக்காவிட்டால், செயலியை நீக்கிவிட்டு ஸ்டோரிலிருந்து கட்டணமின்றி மறுபடி நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளிலோ, பெயிண்ட் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ பட்டியலில் இருக்கும். அங்கிருந்தே நீக்கிச் சேர்க்கலாம்.