கலோரிக் சோதனை: காது பலவீனமா, வெப்பம் போய்ச் சேரவில்லையா?

தலைசுற்றலோடு வருபவரின் காதில் 30 டிகிரி, 44 டிகிரி நீரைத் தனித்தனியாகப் பாய்ச்சிக் கண்ணசைவைப் பதிவு செய்வதே கலோரிக் சோதனை. உடல் வெப்பமான 37-க்கு 7 டிகிரி கீழே ஒன்று, 7 டிகிரி மேலே ஒன்று. வெப்பம் எலும்பு வழியே, உட்காதில் தலை திரும்புவதை உணரும் பக்கவாட்டு அரைவட்டக் குழலை எட்டியதும் உள்ளிருக்கும் திரவம் லேசாகி மேலெழும். தலை திரும்புவதாக மூளை நம்பிவிடும். கண் மெல்ல நகர்ந்து, வெடுக்கென்று திரும்பும். 1914-இல் ராபர்ட் பாரனிக்கு நோபல் பரிசு கிடைத்தது இத்துறை ஆய்வுக்குத்தான்.

இரு காதுக்கும் ஒரே அளவு வெப்பம் போனால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன.

முதலில் குறும்பியை எடுத்துவிடுங்கள். காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால்தான் நீர் செவிப்பறை வரை போகும். காதுத் துளையின் சுவரில் மோதித் திரும்பினால் 250 மி.லி.யை 30 விநாடி பாய்ச்சியும் பயனில்லை. கருவியின் குழாயில் தேங்கிய நீர் ஆறியிருக்கும், அதை வெளியே விட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எண்களில் இது எப்படித் தெரியும்? கண் மெல்ல நகரும் வேகம், வலது காதில் வெந்நீருக்கு விநாடிக்கு 24 டிகிரி (இது கோண அளவு), குளிர்ந்த நீருக்கு 22. இடது காதில் 7, 20 என்று வைத்துக்கொள்வோம். வலது மொத்தம் 46, இடது 27. வித்தியாசம் 19-ஐ மொத்தம் 73-ஆல் வகுத்தால் 26 சதவீதம். வழக்கமான எல்லையான 25-ஐத் தாண்டியதால் ‘இடது பலவீனம்’ என்று எழுதிவிடக் கூடாது. அந்த 7 மட்டும் மற்ற மூன்றோடு ஒட்டவில்லை பாருங்கள். அந்த ஒன்றை மட்டும் திரும்பச் செய்து 22 வந்தால் வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஒருவருக்கு இல்லாத நோயை எழுதிவைப்பதைவிட ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பது மேல்.

செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நீர் கூடவே கூடாது. நீருக்குப் பதில் காற்றை ஊதும் முறையிலும் அப்போது ஒரு பொறி உண்டு: சூடான காற்று நடுக்காதின் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்விக்கும். வெப்பம் கொடுத்திருப்போம், கண்ணோ குளிர் கொடுத்ததுபோல் எதிர்த்திசையில் அடிக்கும்.

படுக்கையில் தலை 30 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் குழல் செங்குத்தாக நிற்கும். தட்டையாகப் படுக்கவைத்தால் எதிர்வினை குறையும். கண்ணை இருட்டில் வைக்கும் கண்ணாடி மூடியின் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தாலும் அப்படித்தான்: பார்வை ஓரிடத்தில் நிலைத்ததும் அசைவு அடங்கிவிடும். தூக்கக் கலக்கமும் அதையே செய்யும். நீர் பாய்ச்சத் தொடங்கி 60 முதல் 90 விநாடிக்குள் உச்சம் வரும் என்பதால், அதற்கு முன்பே ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். அடுத்த காதுக்குப் போகுமுன் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும்.

தலைசுற்றலை அடக்கும் மாத்திரை, மது இரண்டும் முடிவைக் குலைக்கும். ஆனால் வலிப்பு, இதய மாத்திரைகளைச் சோதனைக்காக யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டே எதையும் நிறுத்த வேண்டும்.

முடிவைப் படிப்பதிலும் சறுக்கல் உண்டு. சோதனை இயல்பாக இருந்தால் சமநிலை உறுப்பு முழுவதும் நலம் என்று பொருளல்ல. பக்கவாட்டுக் குழலையும் அதன் நரம்பையும் மட்டுமே, அதுவும் மிக மெதுவான அசைவுக்குரிய அளவில்தான், இது தொடுகிறது. படுக்கையில் புரளும்போது வரும் தலைசுற்றல் பெரும்பாலும் பின்புறக் குழலில் எழுவது, இங்கே அகப்படாது. சதவீதத்தை மட்டும் பார்ப்பது இன்னும் ஆபத்து. இரு காதிலும் தலா 2, 2 என்று வந்தால் வித்தியாசம் பூஜ்யம், அறிக்கை ‘இயல்பு’ என்று சொல்லும். ஒவ்வொரு காதின் கூட்டுத்தொகையும் 6-க்குக் கீழே போனால் இரு பக்கமுமே செயலிழந்திருக்கலாம். இருட்டில் நடக்கத் தடுமாறுகிறாரா என்று உடனே கேளுங்கள்.