"செட்டிநாடு"ன்னு தேடினா சிக்கன் மட்டும் வருதா? ஃபோனுக்கு நம்ம ருசியை சொல்லிக் குடுக்கிறது எப்படி

கல்யாணமாகி பெங்களூரு போன என் தங்கச்சி வெண்டைக்காய் மண்டி (அரிசி களைஞ்ச தண்ணில புளி கரைச்சு வைக்கிறது) வைக்கணும்னு யூடியூப்ல "செட்டிநாடு சமையல்"னு தேடியிருக்கா, செக்கச்செவேல்னு சிக்கன் கிரேவியா வரிசை கட்டி வந்திருக்கு. காரைக்குடில எங்க வீட்டுல வாரத்துல பாதி நாள் மண்டி, இளங்குழம்புதான், ஆனா ஃபோனை கேட்டா செட்டிநாடுன்னா காரம், மிளகு, கறி, அவ்வளவுதான்.

ஏன் இப்படின்னா, யூடியூப் 2012-லயே வியூ எண்ணிக்கையை விட எவ்வளவு நேரம் பார்க்கிறோங்கிறதுக்கு முக்கியத்துவம் குடுக்க ஆரம்பிச்சுது, அதோட நம்மள மாதிரி பார்க்கிறவங்க வேற என்ன பார்த்தாங்களோ அதையும் நமக்கு தள்ளும். நின்னு பார்த்ததெல்லாம் பிடிச்சதுன்னு கணக்கு. தரைக்குப் போடுற ஆத்தங்குடி கல்லுலயும் இதே கதைதான், கண்ணாடி மேல அச்சை வெச்சு கையால கலர் ஊத்துறவங்க எத்தனையோ டிசைன் போடுவாங்க, புது வீடு கட்டுற என் ஃப்ரெண்டு ரீல்ஸ்ல பார்த்த அந்த ஒரே பூ டிசைன்தான் வேணும்னு நிக்கிறான். எனக்கு மனசு ஆறவே இல்ல.

சரி, என்ன பண்ணலாம்? முதல்ல அக்கவுன்ட்டை பிரிங்க. அப்பத்தா கோலம் பார்க்கிற ஃபோன்லயே பேரன் கேம் வீடியோ பார்த்தா ரெண்டு பேருக்கும் உருப்படியா ஒண்ணும் வராது.

அடுத்து வேண்டாததை சரியான பட்டன்ல தள்ளணும், இதுல நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்காரங்களான மொசில்லா 2022-ல இருபதாயிரம் பேருக்கு மேல வெச்சு சோதிச்சுப் பார்த்ததுல, "நாட் இன்ட்ரஸ்டட்" அமுக்கினா வேண்டாத வீடியோவுல வெறும் 11 சதவீதம்தான் குறைஞ்சுது, டிஸ்லைக்குக்கு 12, வாட்ச் ஹிஸ்டரில இருந்து அந்த வீடியோவை எடுத்தா 29, "டோன்ட் ரெகமண்ட் சேனல்" போட்டா 43. அதனால மூணு புள்ளியைத் தொட்டு நேரா சேனலையே தள்ளுங்க, அப்புறம் ஹிஸ்டரிக்குள்ள போய் தெரியாம பார்த்ததை எல்லாம் ஒண்ணொண்ணா எடுங்க, அரை மணி நேரம் ஆகும், ஆனா பண்ணுங்க. இன்ஸ்டாகிராம்ல செட்டிங்ஸ்ல சஜஷன் மொத்தத்தையும் ரீசெட் பண்ற வசதி இருக்கு, ஒரு தடவை பண்ணிட்டா பழசு திரும்ப வராது, யோசிச்சுப் பண்ணுங்க.

தேடுறப்போ ஊர்ப் பேரை விட்டுட்டு பண்டத்தோட பேரையே போடுங்க, "கும்மாயம்", "வெள்ளைப் பணியாரம்", "கந்தரப்பம்"னு. சின்ன சேனல் ஏதாவது மாட்டினா கடைசி வரைக்கும் பாருங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, நாம பாதில ஓடினா அந்த வீடியோ இன்னொருத்தர் கண்ணுல படுறதும் குறையும். ஆட்டோப்ளேயை அணைச்சுடுங்க. தினமும் ஹோம் பக்கத்துக்குப் போகாம சப்ஸ்கிரிப்ஷன் பக்கத்தைத் திறந்து பழகுங்க, அதுல நாம தேர்ந்தெடுத்த ஆளுங்க போட்டது மட்டும்தான் வரும்.

ஃபோன்ல ஏறாத ருசியும் நிறைய இருக்கு, அதை ஆளுங்ககிட்டதான் கேட்கணும். தங்கச்சிக்கு மண்டி கடைசில அப்பத்தா சொல்லித்தான் வந்துச்சு. "ரெண்டாவது களையிற அரிசித் தண்ணியை எடுத்து வெய்யி ஆத்தா, அதுல புளியைக் கரை, வெண்டைக்காயை முதல்லயே நல்லா வதக்கிடு, இல்லாட்டி கொழகொழன்னு போயிரும்"னு சொன்னதை அப்படியே ரெக்கார்ட் பண்ணி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வெச்சிருக்கோம், அடுத்து ஆடிக்கு முன்னாடி கும்மாயம் கேட்டு வாங்கணும்.