முதல் முறை பாய்ப்படகில் கரீபியன்: பெக்வேயிலிருந்து டொபாகோ கீஸ் வரை

கரீபியன் என்றதும் பத்து நாட்டையும் ஒரே மூச்சில் சுற்றிவிட ஆசை வரும். முதல் தடவைக்கு அது வேண்டாம். நாட்டுக்கு நாடு, நுழைவு அனுமதிக்குக் காத்திருக்கிறோம் என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, கேப்டன் பாஸ்போர்ட்டுகளைச் சுமந்துகொண்டு சுங்கத்துக்கும் குடிவரவு அலுவலகத்துக்கும் நடந்தே பாதி நாள் போய்விடும். செயின்ட் வின்சென்ட்டும் அதற்குத் தெற்கே யூனியன் தீவு வரையுள்ள கிரெனடைன்ஸ் தீவுகளும் ஒரே நாடு. அங்கே தொடங்குங்கள். பாய்ப்படகு ஓட்டிப் பழகாதவர் என்றால் படகோடு அதை ஓட்டித் தரும் ஒரு ஸ்கிப்பரையும் வாடகைக்கு எடுங்கள், இதில் கௌரவம் பார்க்காதீர்கள்.

1. காலம் பாருங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2024 ஜூலை 1 அன்று வந்த பெரில் புயல் யூனியன் தீவில் பெரும்பாலான வீடுகளைச் சிதைத்துவிட்டுப் போனது. டிசம்பர், ஜனவரியில் சில நாட்கள் காற்று 25 நாட் (மணிக்கு 25 கடல் மைல்) வேகத்தைத் தாண்டும். பிப்ரவரி முதல் மே வரை புதியவர்களுக்குச் சரி. நம் மீனவர்கள் கொண்டல் என்று சொல்லும் கீழ்க்காற்றுதான் அங்கேயும். 15, 20 நாட் வேகத்தில் விடாமல் வீசும்.

2. முதல் நாள் குட்டிப் பயணம். செயின்ட் வின்சென்ட்டின் தென்முனையிலிருந்து அடுத்த தீவான பெக்வே சுமார் 9 கடல் மைல், இரண்டு மணி நேரம். தீவின் மறைவில் இருக்கும்போதே பாயைச் சுருக்கிவிடுங்கள். மறைவைத் தாண்டி இரு தீவுகளுக்கும் இடையிலுள்ள திறந்த கடலுக்குள் நுழைந்ததும் காற்றும் அட்லாண்டிக் அலையும் சேர்ந்து வந்து மோதும். அப்போது சுருக்கப் போனால் கை நடுங்கும். நீரோட்டம் படகை மேற்கே தள்ளும். அதனால் போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கிழக்கே குறி வைத்து ஓட்டுங்கள்.

3. பவளப்பாறைகள் சூழ்ந்த குட்டித் தீவுக் கூட்டமான டொபாகோ கீஸுக்கு விடிந்ததும் கிளம்புங்கள். பெக்வேயிலிருந்து ஏறக்குறைய 25 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் என்று வைத்தால் ஐந்து மணி நேரம். சூரியன் உச்சியில் இருக்கும்போது போய்ச் சேர வேண்டும், ஏனென்றால் அங்கே நம் கண்தான் வரைபடம். வெளிர் பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் பாறை, கருநீலம் என்றால் ஆழம். வெயில் சாய்ந்தால் எல்லாம் ஒரே வெள்ளித் தகடாகிவிடும். இன்னொன்று: துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம் இருக்க வேண்டும். இந்தியாவில் பழகியவர்களுக்கு இது தலைகீழ்.

4. நங்கூரம். பயணத்தில் நான் பயப்படுவது இதற்குத்தான். ஆழம் 5 மீட்டர், படகின் முன்முனை உயரம் 1 மீட்டர், ஆக 6. அதை ஐந்தால் பெருக்கி 30 மீட்டர் சங்கிலி விடுங்கள், காற்று பலமென்றால் ஏழால் பெருக்குங்கள். மணலில் போடுங்கள், கடல்புல்லில் நங்கூரம் பிடிக்காது. அப்புறம் எஞ்சினை மெதுவாகப் பின்னோக்கி ஓட்டிச் சங்கிலி மேல் காலை வையுங்கள். விறைத்து அசையாமல் நின்றால் பிடித்துவிட்டது. மாட்டுவண்டி கல்ரோட்டில் போவதுபோல் தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது. தூக்கி மறுபடி போடுங்கள். ஒருமுறை பெக்வேயில் சோம்பல்பட்டு 15 மீட்டரோடு விட்டேன். நள்ளிரவில் பக்கத்துப் படகுக்காரர் டார்ச் அடித்துக் கத்திய பிறகுதான் எழுந்தேன். கரையிலுள்ள ஒரு மரத்தையும் அதன் பின்னாலுள்ள ஒரு பாறையையும் ஒரே கோட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கோடு விலகினால் படகு நகர்கிறது. அதன் பிறகு முகமூடி மாட்டிக் குதித்து நங்கூரத்தை நேரிலேயே பார்த்துவிடலாம். டொபாகோ கீஸிலுள்ள பரடல் தீவு ஓரத்தில் ஆமைகளும் கண்ணில் படும்.

5. திரும்பும் வழிக்கு நாள் ஒதுக்குங்கள். தெற்கே இறங்கும்போது காற்று பக்கவாட்டில் அடிக்கும், சுகமான ஓட்டம். திரும்பும் வழி வடக்கே, சற்றுக் கிழக்கே சாய்ந்து போவதால் அதே காற்று முன்பக்கமாகச் சாய்வாக வரும். போகும்போது ஒரே மூச்சில் கடந்த தூரத்தைத் திரும்பும்போது வழியிலுள்ள கனுவான் தீவில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.