பெரோமோன் குழல் கட்டியும் ஆப்பிளில் புழு: எங்கே தவறுகிறது?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆப்பிள் விவசாயிகளுக்குப் பெரிய தலைவலி காட்லிங் அந்துப்பூச்சி. அதன் புழு காயைத் துளைத்து விதைவரை போய்விடும். ஆணை ஈர்க்கப் பெண் பூச்சி விடும் மணம்தான் பெரோமோன். இந்தப் பூச்சியின் பெரோமோனான காட்லிமோனைக் குழல்களில் அடைத்துத் தோட்டம் முழுக்கக் கட்டினால், ஆணுக்குப் பெண் இருக்கும் இடம் பிடிபடாது. ஆனால் இந்த மணம் ஒரு பூச்சியையும் கொல்லாது. மருந்து அடிப்பதுபோல நினைத்து இதில் இறங்குகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

வெளியே இணைசேர்ந்த பெண் பறந்து வந்து முட்டையிட்டால் குழல் எதுவும் செய்யாது. அதனால் 10 ஏக்கருக்குக் குறைந்த, ஒடுங்கலான தோட்டத்தில் தனியாக இதைச் செய்வது பெரும்பாலும் வீண். பக்கத்துத் தோட்டக்காரர்களும் சேர்ந்தால் பலன் உண்டு. பராமரிப்பில்லாத ஆப்பிள் மரத்தையும், ஓரத்தில் அடுக்கிய பழைய மரப்பெட்டிகளையும் விட்டுவைக்கக் கூடாது. குளிர்காலத்தைப் புழுக்கள் அந்தப் பெட்டி இடுக்குகளில்தான் கழிக்கின்றன.

பூச்சி மலிந்த தோட்டத்திலும் இது தோற்கும். அருகருகே இருக்கும் ஆணும் பெண்ணும் மணத்தின் துணையில்லாமலே சந்தித்துவிடும். போன வருடம் 100 காயில் ஒன்றுக்கு மேல் புழு இருந்திருந்தால், முதல் தலைமுறை முட்டைகள் பொரியத் தொடங்கும்போதே இந்தப் புழுவைக் கொல்லும் கிரானுலோசிஸ் வைரஸையும் தெளிக்க வேண்டும். வெயிலில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும் என்பதால் ஒரு தெளிப்போடு நிறுத்தக் கூடாது.

கட்டும் உயரத்தில் சோம்பல் அதிகம். அந்திப் பொழுதில் பூச்சிகள் இணைசேர்வது மர உச்சியில். ஆகவே உச்சியிலிருந்து இரண்டடிக்குள், நீளக் கோலால் மாட்ட வேண்டும். கைக்கெட்டும் கிளையில் கட்டியது பாதிக் காசுக்குக்கூடத் தேறாது. ஏக்கருக்கு 200 அல்லது 400 என்று குழலின் வகைக்கேற்ப எண்ணிக்கை மாறும். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். காற்று வரும் ஓரத்திலும் மரம் இல்லாத இடைவெளிகளைச் சுற்றியும் மணம் சீக்கிரம் கலைவதால் அங்கே கூடுதலாகக் கட்டலாம். முதல் பூச்சி பறக்கும் முன்பே வேலை முடிந்திருக்க வேண்டும். பூ உதிரட்டும் என்று காத்திருந்தால் முதல் ஜோடிகள் முந்திக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட அதிக நஷ்டம் தருவது, பூச்சி நடமாட்டத்தைப் பார்க்க வைக்கும் பொறி காலியாக இருப்பதை நம்புவது. தோட்டமே மணத்தில் மூழ்கியிருக்கும்போது, சாதாரண 1 மில்லிகிராம் கவர்ச்சி மாத்திரை வைத்த பொறியை ஆண் பூச்சி எப்படிக் கண்டுபிடிக்கும்? பொறி காலியாக இருந்தால் குழல் வேலை செய்கிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பூச்சியே இல்லை என்று ஆகாது. 10 மில்லிகிராம் மாத்திரையோ, பேரிக்காய் மணம் கலந்ததோ வேண்டும். பின்னது பெண் பூச்சிகளையும் இழுக்கும் என்பதால் கூடுதல் தகவல் தரும். இரண்டரை ஏக்கருக்கு ஒரு பொறி, அதுவும் உச்சிப் பகுதியில், குழலை ஒட்டாமல். அதோடு, முதல் தலைமுறை முடியும்போது சில நூறு காய்களை, முக்கியமாக ஓர வரிசைகளிலும் மர உச்சியிலும், கண்ணால் பார்த்தே தீர வேண்டும். உச்சிக்கு ஏணி போடாமல் எடுத்த கணக்குக்கு மதிப்பில்லை.

காட்லிமோன் இலைச்சுருட்டுப் புழுக்களைத் தடுக்காது. அவற்றுக்குத் தனிக் கவனிப்பு தேவை. தெளிக்கும் வகைப் பெரோமோன் வாங்குவதாக இருந்தால், இயற்கை விவசாயச் சான்று வைத்திருப்பவர்கள் சான்றளிக்கும் அமைப்பிடம் முன்பே கேட்டுக்கொள்ளவும். பெரோமோனுக்கு அனுமதி இருந்தாலும், அதோடு சேர்த்திருக்கும் துணைப் பொருட்களால் சான்று கைவிட்டுப் போகலாம்.