வைட்ஸேக்கர் வீடும் நிச்சயமின்மையும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவாண்டம் இயற்பியலுக்குள் சமன்பாடு வழியாக வருகிறவர்கள் குறைவு. ஆட்களின் கதை வழியாகத்தான் பலரும் வருகிறார்கள். சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இப்போது ஓடுவது ஜெர்மனியின் வைட்ஸேக்கர் குடும்பம். அப்பா எர்ன்ஸ்ட், ஹிட்லர் ஆட்சியில் வெளியுறவுத் துறையின் மூத்த செயலாளர். மகன்களில் கார்ல் ஃபிரீட்ரிக், நிச்சயமின்மைக் கொள்கையை வகுத்த இயற்பியலாளர் ஹைசன்பர்க்கின் மாணவர். ரிச்சர்ட், 1984 முதல் 1994 வரை நாட்டின் அதிபர். ஒரே வீட்டில் அணுக்கருவும் அரசியலும் என்றால் ருசிக்காமல் இருக்குமா? ஆனால் பழைய ஆட்கள் எப்போதோ பேசித் தீர்த்த பிழைகளையே புதியவர்கள் அச்சு மாறாமல் திரும்பச் சொல்கிறார்கள். பெயர் உச்சரிப்பையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

யார் அண்ணன்?

விஞ்ஞானி அண்ணன், அதிபர் தம்பி. அவ்வளவுதான்.

நிச்சயமின்மைக் கொள்கையை மனிதர்கள் மேல் ஏற்றுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். 1941 செப்டம்பரில் ஹைசன்பர்க்கும் கார்ல் ஃபிரீட்ரிக்கும் ஜெர்மனியின் பிடியில் இருந்த கோபன்ஹேகனுக்குப் போனார்கள். அங்கே ஹைசன்பர்க் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போரைத் தனியாகச் சந்தித்தார். அணுகுண்டு பற்றி என்ன பேசினார்கள் என்று இருவரும் பிற்பாடு சொன்னவை ஒத்துப்போகவில்லை.

போன கூட்டத்தில் ஒரு தம்பி, “அண்ணே, இதுவே நிச்சயமின்மைக் கொள்கைதானே? யார் மனசில் என்ன இருந்ததுன்னு தெரியவே முடியாது” என்றார். சிலர் தலையாட்டினார்கள். அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வந்தது. “கார்லோட அப்பா எர்ன்ஸ்ட் விஷயமும் அப்படித்தான், உறுதியா எதுவும் சொல்ல முடியாது.”

அந்தக் கொள்கை ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் (நிறையை வேகத்தால் பெருக்கினால் வருவது) பற்றியது. ஒன்றைக் குறுக்கினால் மற்றது விரியும். எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. எலக்ட்ரானை ஓர் அணு அளவு இடத்துக்குள் அடைத்தால், அதன் வேகத்தில் வினாடிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் நிச்சயமின்மை. ஒரு மைக்ரோகிராம் தூசியை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குத் துல்லியத்தில் வைத்தால்? கணக்கில் வருகிற வேகத்தில் அது ஓர் அணுவின் அகலத்தைக் கடக்கவே ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆகும். தூசிக்கே இப்படி என்றால், இதில் மனுஷன் மனசு எங்கே வந்தது?

நீல்ஸ் போர் சந்திப்பு விவகாரம் தீராமல் கிடப்பதற்குக் காரணம் வேறு. சாட்சி இல்லை, குறிப்பு இல்லை, இருவரும் எழுதியது வருஷங்கள் கழித்து. நீல்ஸ் போர் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடித வரைவுகள் 2002இல் வெளியானபோது அவர் தரப்பாவது தெளிந்தது. எலக்ட்ரான் விஷயத்தில் அப்படி வெளிவரக் காத்திருக்கும் கடிதம் எதுவும் கிடையாது.

அப்பா விஷயத்திலோ தாளே இருக்கிறது. பிரான்சிலிருந்து யூதர்களை அவுஷ்விட்ஸுக்கு அனுப்ப ஆட்சேபமில்லை என்று 1942இல் வெளியுறவுத் துறை கொடுத்த பதிலில் அவருடைய சுருக்கொப்பம் உண்டு. 1949இல் நியூரம்பர்க் நீதிமன்றம் 7 ஆண்டு சிறை விதித்தது. பிறகு தண்டனையைக் குறைத்து 1950இல் விடுவித்தார்கள். சட்டம் படித்துக்கொண்டிருந்த ரிச்சர்ட், அப்பாவின் வழக்கறிஞர்களுக்கு உதவினார். எர்ன்ஸ்டுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று தாராளமாக வாதாடுங்கள், ஆவணத்தை வைத்துக்கொண்டு. இயற்பியலைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

தேக்காவில் தே தாரிக் குடிக்கும்போதும் தம்பி விடவில்லை. “அப்போ இதுல தத்துவமே கிடையாதா அண்ணே?” இருக்கிறது. கார்ல் ஃபிரீட்ரிக்கே 1957இல் ஹாம்பர்க்கில் தத்துவப் பேராசிரியர் ஆனவர்தான். என்ன, கணக்கைப் போட்டு முடித்துவிட்டுப் போனார்.

குடும்பத்தைப் பார்த்துச் சூத்திரத்தை எடைபோடுவது

1935இல் கார்ல் ஃபிரீட்ரிக் தந்த, அணுக்கருவின் நிறையைக் கணக்கிடும் சூத்திரம் இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அப்பாவின் வழக்கால் அது தவறாகிவிடவில்லை. அணு ஆயுத வேலை செய்யமாட்டோம் என்று 1957இல் அறிவித்த 18 பேரில் அவரும் ஒருவர் என்பதால் கூடுதலாகச் சரியாகிவிடவும் இல்லை.

பின்னிய துகள்களில் செய்தி அனுப்புவது

முடியாது. பின்னிய துகள்கள் என்றால், எவ்வளவு தூரம் பிரிந்தாலும் அளவீட்டு முடிவுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் சோடி. அதை வைத்து ஒளியை முந்தி ஜொகூருக்குக்கூட செய்தி அனுப்ப முடியாது. கென்ட் ரிட்ஜில் உள்ள குவாண்டம் தொழில்நுட்ப மையம் 2019இல் ஒரு குட்டிச் செயற்கைக்கோளில் பின்னிய ஒளித்துகள் சோடிகளை உருவாக்கிக் காட்டியது. அதன் நோக்கம் ரகசியம் காப்பது, வேகம் அல்ல.

குவாண்டம் பதக்கம்

உடலுக்கு நல்லது என்று சொல்லிக் கழுத்தில் மாட்ட விற்கும் பதக்கம் இது. வாங்காதீர்கள். அந்தப் பெயரில் விற்ற சிலவற்றில் கதிரியக்கம் இருப்பதாக 2021இல் நெதர்லாந்து அதிகாரிகள் எச்சரித்தார்கள்.