வார்டில் நோயாளி கீழே விழுந்துவிட்டால்: துணைக்கு இருப்பவர்கள் செய்ய வேண்டியவை

அப்பாவுக்குத் துணையாக வார்டில் தங்கியிருந்தபோது அவர் விழுந்துவிட்டார். அன்றைக்கு நர்ஸ்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. தூக்காதீர்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும், ஆனால் கழுத்திலோ இடுப்பிலோ எலும்பு முறிந்திருந்தால் அந்த ஒரு இழுப்பே நிலைமையை மோசமாக்கிவிடும். பெல்லை அழுத்துங்கள், எட்டாவிட்டால் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். அவரே எழப் பார்த்தால், "அப்படியே படுத்திருங்க, நர்ஸ் வர்றாங்க" என்று சொல்லிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். போர்வை போர்த்தலாம், தண்ணீர் வேண்டாம். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படித் தெரியவில்லை என்பதற்காக முறிவு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

2. நர்ஸ் வந்ததும் தலை இடித்ததா, மயங்கினாரா, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சொல்லுங்கள். விழுந்ததை யாரும் பார்க்கவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள், தலையில் அடி இருக்கலாம் என்றே கவனிப்பார்கள்.

3. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மண்டைக்குள் ரத்தக் கசிவு உடனே தெரியாது, நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்குச் சில மணி நேரம் கழித்துக்கூடத் தெரியவரும். அதனால் தலையில் அடியென்றால் பொதுவாக முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொரு முறை, அடுத்த 4 மணி நேரம் மணிக்கொரு முறை, அப்புறம் 2 மணிக்கொரு முறை எழுப்பிப் பார்ப்பார்கள். கண்ணில் டார்ச் அடிப்பார்கள், பெயர் கேட்பார்கள், கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். நள்ளிரவில் "தூங்கட்டும் விடுங்க சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வழக்கமில்லாத தூக்கம் இதில் எது வந்தாலும் அடுத்த ரவுண்டு வரை காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

4. மறுபடி நடக்கவைப்பதற்கு முன் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நின்றதும் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் தலைசுற்றலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம், மாத்திரைகளை டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

செருப்பு விஷயத்தில் என் கட்சி, ரப்பர் அடியும் பின்பட்டையும் உள்ளதுதான். வெறும் சாக்ஸோடு நடக்கவே விடாதீர்கள்.

பிற்சேர்க்கை: கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குழப்பத்தில் இருப்பவர் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலை முடிந்தவரை தாழ இறக்கிச் சக்கரத்தைப் பூட்டி, பெல்லையும் மூக்குக் கண்ணாடியையும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அவசரமாகப் பாத்ரூம் போகும்போது விழுகிறவர்கள் அதிகம், அதனால் தூங்குவதற்கு முன் நீங்களே கேட்டு அழைத்துப் போய் வந்துவிடுங்கள்.