வாக்கியம் விட்டு வாக்கியம் தாவ: ரைட்டரில் இரண்டு விசைகள்

கதையோ கட்டுரையோ, முதல் வரைவு எழுதும்போது கர்சர் முன்னே போய்க்கொண்டே இருக்கும். திருத்த உட்காரும்போதுதான் சிக்கல். மேலே மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும், அதற்கடுத்ததை அடியோடு எடுக்க வேண்டும், பிறகு விட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் கை மவுஸைத் தேடிப் போனால், மனதுக்குள் உருவாகிக்கொண்டிருந்த வாக்கியம் அறுந்துவிடுகிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

இலவசமாகக் கிடைக்கும் எழுத்துச் செயலியான லிப்ரே ஆபிஸ் ரைட்டரை எடுத்துக்கொள்வோம். வெறும் அம்பு விசை ஓர் எழுத்து நகர்த்தும். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு இட, வல அம்பைத் தட்டினால் ஒரு சொல். கண்ட்ரோலுடன் மேல், கீழ் அம்பு என்றால் ஒரு பத்தி. எழுத்து, சொல், பத்தி எல்லாம் இருக்கிறது; வாக்கியத்துக்கு மட்டும் விசை இல்லை. திருத்துகிறவர் யோசிப்பதோ வாக்கியம் வாக்கியமாகத்தான். அந்த வசதி ரைட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு ஒரு விசையை நாம்தான் ஒதுக்க வேண்டும்.

படி 1. ரைட்டரில் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து, டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் என்பதைச் சொடுக்குங்கள். வரும் பெட்டியில் கீபோர்டு என்ற தாவலுக்குப் போங்கள்.

படி 2. அங்கே லிப்ரே ஆபிஸ், ரைட்டர் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். ரைட்டரைத் தேர்ந்தெடுங்கள். இதைத் தவறவிட்டால் மாற்றம் கால்க் போன்ற மற்ற செயலிகளுக்கும் போய்விடும்.

படி 3. விசைப் பட்டியலில் இறங்கி, ஆல்ட்டும் வல அம்பும் சேர்ந்த வரியைத் தேர்ந்தெடுங்கள். மங்கலாகத் தெரியும் வரிகளை மாற்ற முடியாது, அவற்றை விட்டுவிடுங்கள்.

படி 4. கீழே உள்ள தேடல் பெட்டியில் சென்டென்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். வரும் கட்டளைகளில் 'டு நெக்ஸ்ட் சென்டென்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து அசைன் பொத்தானை அழுத்துங்கள். பழைய பதிப்புகளில் அதன் பெயர் மாடிஃபை.

படி 5. இதேபோல் ஆல்ட்டும் இட அம்பும் சேர்ந்த வரிக்கு 'டு ப்ரீவியஸ் சென்டென்ஸ்'. பிறகு ஓகே.

ஏன் அம்பு விசை? தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைப் போட்டுத் தட்டும்போது எழுத்து விசைகளோடு சேர்ந்த குறுக்குவழிகள் சில கணினிகளில் சொன்னபடி கேட்பதில்லை. அம்புக்கு மொழி கிடையாது. தமிழில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் அது அம்புதான். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். அட்டவணைக்குள் ஆல்ட்டும் அம்பும் நெடுவரிசையின் அகலத்தை மாற்றுபவை. அட்டவணை நிறையப் போடுகிறவர்கள் வேறு விசை பார்த்துக்கொள்ளுங்கள். மேக் கணினியில் ஆல்ட் இடத்தில் இருக்கும் ஆப்ஷன் விசை சொல் தாவலுக்கு ஏற்கெனவே பயன்படுகிறது. அங்கேயும் வேறு விசைதான்.

இப்போது ஒரு பழைய கட்டுரையைத் திறந்து தாவிப் பாருங்கள். புள்ளியும் இடைவெளியும் வந்தால் வாக்கியம் முடிந்தது என்று ரைட்டர் எடுத்துக்கொள்ளும். 'உ. வே. சா.' என்று இடைவெளி விட்டு எழுதியிருந்தால் முதலெழுத்துகளிலேயே கர்சர் நின்றுவிடும். இன்னொரு தட்டு தட்டிக் கடந்துவிடலாம். நடையை அதற்காக மாற்ற வேண்டாம்.

தாவப் பழகிய பிறகு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாக்கியத்தின் தலையில் நின்று கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்த வாக்கியம் முடிவுவரை அழியும். டெலீட்டுக்குப் பதில் பேக்ஸ்பேஸ் என்றால் கர்சருக்கு முன்னால் உள்ள பகுதி, வாக்கியத் தொடக்கம்வரை. இவை ரைட்டரில் ஏற்கெனவே இருப்பவை, அமைக்கத் தேவையில்லை. திருத்தத்தில் எனக்கு மிகவும் கைகொடுப்பது முதலாவதுதான். வேண்டாத வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் கொறிக்காமல் ஒரே தட்டில் எடுத்துவிட்டு, அது இல்லாமல் பத்தி நிற்கிறதா என்று படித்துப் பார்க்கலாம். நிற்கவில்லையென்றால் கண்ட்ரோல் இசட் இருக்கிறது. முழுப் பத்தியையும் இடம் மாற்ற, கண்ட்ரோலும் ஆல்ட்டும் பிடித்துக்கொண்டு மேல் அல்லது கீழ் அம்பு.

பத்திகளுக்கு நடுவே இடம் விட எண்டரை இரண்டு முறை தட்டும் பழக்கம் இருந்தால், இன்றே விட்டுவிடுங்கள். வெற்று வரியும் ரைட்டருக்கு ஒரு பத்திதான். கர்சர் அதிலும் நின்று நின்று போகும். ஃபார்மட் மெனுவில் பாராகிராஃப் பெட்டியைத் திறந்து, பத்திக்குக் கீழே எவ்வளவு இடைவெளி என்று அங்கே கொடுங்கள்.

முதல் வாரம் ஆல்ட் அம்பு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பத்து விசைகளை மாற்றினால் ஒன்றும் விரலில் ஒட்டாது.

கடைசியாக, அதே கீபோர்டு தாவலில் சேவ் பொத்தானை அழுத்தி அமைப்பை ஒரு கோப்பாக எடுத்துப் பென்டிரைவில் போட்டு வையுங்கள். வேறு கணினியில் எழுத உட்காரும்போது, அங்கே லோட் கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டினால் போதும்.